கோட்டுக்காரன் சம்மனசு இல்லை

இலவசமாக ஒன்றைத் தருகிறேன் என்று யாராவது வீடு தேடி வந்தால் நான் முதலில் அவர்கள் காலைத்தான் பார்ப்பேன். நடந்து வந்த செருப்பா, வண்டியில் வந்து இறங்கிய செருப்பா, கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்களா, போட்டுக்கொண்டே வாசலில் நின்று பேசுகிறார்களா என்று. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறியவன் நான். மனிதர்களைப் பற்றி நான் படித்தது பெரும்பாலும் இந்த மாதிரிதான்.

அரியாங்குப்பத்தில் அக்கா வீட்டுக்கு பாயம்மா வந்த அன்றும் காலைத்தான் பார்த்தேன். ஸ்கூட்டரை நிழலில் நிறுத்தி, செருப்பைக் கழற்றி, யார் காலும் இடறாதபடி ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். இவ்வளவு ஒழுங்காக ஒருத்தி ஏன் வரவேண்டும் என்று அதுவே எனக்கு உறுத்தியது.

பாயம்மா என்பது அக்கா அழைக்கும் பெயர். பெரிய மார்க்கெட்டுக்கு வெளியே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவள். அவள் மாமனார் காலத்துக் கடை அது. அந்தக் கடை வாசலில்தான் என் அக்கா இருபது வருடத்துக்கு மேலாகச் சாக்கு விரித்துப் பூ விற்கிறாள். வலது கண்ணில் புரை விழுந்து, அக்கா மல்லிக்கும் முல்லைக்கும் வாசனையை வைத்துத்தான் வித்தியாசம் சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டிருந்தாள். இடது கண் எட்டு வருடத்துக்கு முன்பே போய்விட்டது. மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான்.

“நீங்கதான் ஊரு சுத்துற தம்பியா?” என்றாள் பாயம்மா.

“வேலைக்குப் போறவன்.”

“சரி, வேலைக்கு ஊரு சுத்துற தம்பி. வர்ற வாரம் வியாழக்கெழம ஆபரேசனுக்கு எழுதி வச்சிருக்கேன். ஆட்டோ நான் கொண்டாறேன். நானே கூட்டினு போயி நானே கொண்டாந்து விடுறேன். ஒரு செலவும் கெடையாது.”

“யாரக் கேட்டு எழுதுனீங்க?”

“கண்ணு யாருதோ அவங்களக் கேட்டு. அவங்க என்னடான்னா தம்பி சொல்லட்டும்ன்றாங்க. அதான் வெயில்ல வந்தேன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது, புரை என்ன உங்களைக் கேட்டா வளர்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதையும் நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

நான் கோவாவில் ஒரு ஓட்டல் சமையற்கட்டில் இருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மார்க்கெட்டின் சட்டம் எனக்குத் தெரியும். வாசலில் உட்கார்கிறவர்களுக்குக் காகிதம் எதுவும் கிடையாது. உட்கார்ந்தால்தான் இடம். ஒரு நாள் வராவிட்டால் சாக்கை மடித்து மேலே கல்லை வைத்துவிட்டுப் போனால் மதிப்பார்கள். மூன்றாம் நாளும் கல் மட்டும் இருந்தால், நாலாம் நாள் அதை நகர்த்திவிட்டு வேறொரு கூடை உட்கார்ந்துவிடும். கண் ஆபரேசன் என்றால் ஒரு மாதம் தூசியில் உட்காரக் கூடாது. ஒரு மாதத்தில் அக்காவின் இடம் பூமியிலேயே இருக்காது. கடைக்காரிக்கு வாசல் காலியாகிவிடும். ஆட்டோ செலவுக்கு அது லாபம்தான்.

மறுநாள் எதிர்ச்சாரி டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். நாலு நாள் தொடர்ந்து உட்கார்ந்தேன். பாயம்மா கடை திறக்கும்போது அக்காவோடு இரண்டு வார்த்தை பேசுவாள். அது பேச்சா, மிரட்டலா என்று அங்கிருந்து தெரியவில்லை. நாலாம் நாள் ஒரு ஆள் வந்து கடை முகப்பை டேப் வைத்து அளந்தான். அக்கா உட்கார்ந்திருந்த இடத்தின் மேலேயே டேப்பைப் பிடித்தான். அக்கா அது தெரியாமல் கனகாம்பரத்தைத் தடவிக் கட்டிக்கொண்டிருந்தாள். பிடித்துவிட்டேன் என்று எழுந்தேன். டீக்கடைக்காரர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“போர்டு மாத்தறாங்கயா. எங்கடைக்கும் அந்த ஆளுதான் அளந்துட்டுப் போனான். நீ என்னா, சி.ஐ.டி. வேலைக்குச் சேந்துட்டியா? நாலு நாளா ஒரு டீய வச்சிகினு உக்காந்துகிற.”

போர்டுதான் என்று அவர் சொன்னதையும் நான் பாதிதான் நம்பினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்காவிடம், வேண்டாம், ஆபரேசனுக்குப் போகாதே என்று சொன்னேன். இடம் போய்விடும், அந்த அம்மாவுக்கு ஏதோ கணக்கு இருக்கிறது என்றேன்.

“மொத கண்ணுக்கு மட்டும் எப்படிடா நம்புன?” என்றாள் அக்கா. “அந்த கேம்ப்பு ஆளப் பாத்துட்டு வந்து, அக்கா, அவரு அந்தக் கோட்டுக்காரன் மாதிரியே இருக்காருக்கான்னு குதிச்சியே. மொசே வூட்டு டிவில வந்த சம்மனசு மாதிரின்னு.”

அவள் சொன்ன பிறகுதான் அது நான் சொன்ன வார்த்தை என்று நினைவு வந்தது.

அது பழைய கதை. மில் மூடி அப்பா சும்மா இருந்த வருடங்களில் நாங்கள் குருசுக்குப்பத்து ஓரத்தில், ஒரு சொல்தா வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவரை எல்லோரும் மொசே, பிரெஞ்சில் ஐயா, என்று கூப்பிடுவார்கள். அக்கா அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். பிரான்சில் இருக்கிற அவர் மகள் அங்கே டிவியில் வரும் ஒரு தொடரை வீடியோ டேப்பில் பிடித்து அனுப்புவாள். வானத்திலிருந்து தேவதூதர்கள் சாதாரண மனிதர்கள் மாதிரி வந்து, கஷ்டப்படுகிறவர்கள் பக்கத்தில் நின்று, கடைசியில் தங்கள் மேல் வெளிச்சம் விழ, தாங்கள் யார் என்று சொல்லிவிட்டுப் போகிற கதைகள். வாரம் ஒரு கதை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மொசே டெக்கில் டேப்பைப் போடுவார். நாங்கள் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். வீட்டில் நாங்கள் கும்பிட்டது மாரியம்மனை. தேவதூதருக்குச் சம்மனசு என்ற சொல்லே அந்த வீட்டில்தான் எனக்குத் தெரிய வந்தது.

அந்த டேப்புகளில் ஒரு கோளாறு உண்டு. பிரான்சில் பிடித்த டேப்பை நம்மூர் டெக்கில் போட்டால் வண்ணம் வராது. எல்லாம் சாம்பல் நிறத்தில் ஓடும். அதனால் நான் அதை எம்.ஜி.ஆர். காலத்துக்கும் முந்தின படம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்செல்லாம் பிரெஞ்சு. மொசே பக்கத்தில் கைத்தடியோடு உட்கார்ந்து விளக்கம் சொல்லுவார். அவர்கள் பத்து நிமிடம் பேசுவதை அவர் ஒரு வரியில் முடித்துவிடுவார். “வண்டி தரேன்றான்.” “பொம்பள திட்டுறா.” “கொழந்த பொழச்சிக்கும்.” அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது ஒரு கதை. எங்கும் பனி. ஒரு பஸ் ஸ்டாண்டு. ஒரு தகப்பன், ஜுரத்தில் கிடக்கிற சின்னப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான். பஸ் வரவில்லை. கேண்டீன்காரி ஒருத்தி எதையோ கேட்டுக் கத்திக்கொண்டே இருக்கிறாள். அப்போது உயரமாக, தலை படிய வாரி, வெளுத்த கோட்டு போட்ட ஒருவன் பெரிய காரில் வருகிறான். சிரிக்கிறான். வாங்க என்கிறான். கடைசியில் அந்த பஸ் ஸ்டாண்டு வாசலில் எல்லோரும் நிற்கும்போது படமே வெள்ளையாகிப் போகும். மொசே தடியை நீட்டி, “பாத்தீங்களா, சம்மனசு” என்பார். நான் தடி போன திசையில் பார்த்தேன். கோட்டுக்காரன் நின்றான்.

அந்தக் கதையை நாலைந்து முறை போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பிறகு லாரியில் ஏறிப் போன இடங்களில், யாராவது நல்ல சட்டை போட்டு, சிரித்து, வா என்று கூப்பிட்டால் நான் போய்விடுவேன். சூரத்தில் ஒருவன் அப்படிக் கூப்பிட்டு ஏழு மாதம் சம்பளமில்லாமல் சாயப்பட்டறையில் வைத்திருந்தான். இருந்தும் எட்டு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்திருந்தபோது, பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் போட்டு இலவசக் கண் சிகிச்சை நடந்தது. வெள்ளைக் கோட்டில் ஒருவர் அக்காவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். நான் மயங்கிவிட்டேன். அக்காவை நானே கூட்டிப் போனேன். ஆறாம் நாள் கண் சிவந்து சீழ் வைத்தபோது மைதானத்தில் குச்சி நட்ட குழிகள்தான் இருந்தன. அக்காவே தட்டுத் தடுமாறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நேரம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து எனக்கு இனாம் என்ற சொல்லே ஆகாது.

“இப்ப செல்போன்ல எல்லாம் வருதே, அதப் போடேன். கேக்கலாம்,” என்றாள் அக்கா.

தேடி எடுக்க இரண்டு நாளானது. தொடரின் பெயர் எனக்குத் தெரியாது. பனி, பஸ், தேவதூதர் என்று ஓட்டல் சமையற்கட்டில் கற்ற ஆங்கிலத்தில் போனிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் பாட்டுகளாக வந்து விழுந்தன. கடைசியில் அந்தக் கேண்டீன் ஜன்னல் தெரிகிற ஒரு சின்னப் படம் வந்தது. ஜன்னலின் மரச்சட்டம் எனக்கு மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், பூ விற்று முடித்து அக்கா வந்த பிறகு, போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துப் போட்டேன். வண்ணம். கேண்டீன்காரியின் மேலங்கி சிவப்பு. கார் பச்சை. கோட்டு வெள்ளையே இல்லை, வெளிர் நீலம். அக்காவுக்கு இவை எதுவும் தெரியவில்லை. காதைப் போன் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தாள். கீழே ஓடின ஆங்கில எழுத்தை நிறுத்தி நிறுத்திக் கூட்டிப் படித்து நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மொசே மாதிரி ஒரு வரியில் முடிக்க அவள் விடவில்லை.

“என்னா கேக்குறா அந்தப் பொம்பள? ரொம்ப நேரமா கேக்குறாளே.”

“பொண்ணுக்கு எப்பத்துலேருந்து ஜொரம்னு கேக்குறா. டவுன்ல யார் இருக்கா, எந்த ஆஸ்பத்திரி, கூட யார் வர்றாங்கன்னு.”

“நல்லாத்தான கேக்குறா. திட்டுறான்னு சொன்னாரே அவரு.”

“திட்டவும் செய்றா.”

“எனக்கு அவ கண்ணாடிப் பொட்டியில வச்சிருந்த ரொட்டிங்க மட்டும்தான் ஞாபகம். அம்மாம் ரொட்டி இருந்துச்சி. அந்தப் பொண்ணு ஒண்ணக்கூடத் தொடல. எனக்குக் கோவம் கோவமா வரும்.”

கோட்டுக்காரன் வந்தான். சிரித்தான். தகப்பனையும் பெண்ணையும் காரில் ஏற்றிக்கொண்டான். நான் அக்காவிடம், இதோ வந்துட்டான் என்றேன். பாதி வழியில் அவன் ஒரு கடையில் நிறுத்திப் போன் பேசினான். திரும்பி வந்து, எனக்கு அவசர வேலை வந்துவிட்டது, உங்களைப் பழைய இடத்திலேயே விடுகிறேன், வேறு யாராவது வருவார்கள் என்றான். கொண்டுவந்து விட்டான். கெட்டவன் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டான். போய்விட்டான். கேண்டீன்காரி அவனைத் திட்டிக்கொண்டே அடுப்பை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, பூட்டைப் போட்டுவிட்டு, அவர்களோடு நடந்தே போனாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். ஜுரம் விட்டது. கடைசியில் பஸ் ஸ்டாண்டு வாசலில் எல்லோரும் நின்றார்கள். கோட்டுக்காரனும் இருந்தான். கேண்டீனில் மறந்து வைத்த தொப்பியை எடுத்துப் போக வந்திருக்கிறான். மஞ்சள் வெளிச்சம் மெல்ல வந்தது. சிவப்பு மேலங்கிமேல் மட்டும்தான் விழுந்தது. தொப்பியை வாங்கிக்கொண்டு கோட்டுக்காரன் ஓரமாக நின்றான். சாம்பல் நிறப் படத்தில் அந்த மஞ்சளுக்கு எல்லை தெரிய வழியில்லை.

எங்கே வெளிச்சம் விழுகிறது என்று அக்கா கேட்டாள். போனை நிறுத்திவிட்டு, பின்னால் தள்ளி, மறுபடியும் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

“அப்ப அந்த ஆளு?”

“அவன் பாதியில போயிட்டான்க்கா. வேல இருந்துச்சாம்.”

“கேம்ப்புக்காரங்களும் அப்படித்தான போனாங்க,” என்றாள். பூச்சாக்கில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டாள். “நீயும்தான் போன.”

அவள் குரலில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் சொன்னாள். கூடாரத்தில் ஆபரேசன் முடிந்த மறுநாள் விடியற்காலை நான் மங்களூர் லாரியில் ஏறினேன். நாலு வேளை சொட்டு மருந்து விடவேண்டும் என்று எழுதிக் கொடுத்த சீட்டு என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. மாமா இறந்து, தனியாக இருந்தவள், ஒரு கண்ணில் கட்டோடு, மறு கண்ணும் சரியாகத் தெரியாமல், யாரை வைத்து மருந்து விட்டாளோ. இந்த எட்டு வருடமும் நான் வெள்ளைக் கோட்டையே திட்டிக்கொண்டிருந்தேன்.

“வெசாழன் போவலாம். நானும் வரேன்,” என்றேன்.

“எடம்?”

“நான் உக்காருறேன்.”

அக்கா சிரித்தாள். “நீயா. ஒரு மாசம். ஒரே எடத்துல.”

வியாழக்கிழமை பாயம்மா ஆட்டோவோடு வந்தாள். ஆட்டோ நம்பரை நான் கையில் எழுதிக்கொண்டதை அவள் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடச் சொன்ன காகிதத்தை நர்சை இரண்டு முறை படிக்கச் சொன்னேன். கண்ணில் சீழ் வைத்தால் யாரிடம் வரவேண்டும், எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள் என்று கேட்டேன். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்று முனகினார்கள். “கேக்கட்டும், கேக்கட்டும். வாயிருக்குல்ல,” என்றாள் பாயம்மா அவர்களிடம். அவள் என் பக்கம் பேசியதும் எனக்கு மறுபடி சந்தேகம் வந்தது.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். அக்கா முதலில் டாக்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “நரச்சிட்டியேடா,” என்றாள்.

மார்க்கெட் வேலை லாரி வேலையைவிடக் கஷ்டம். லாரியில் இடுப்பு வலித்தால் ஊர் மாறும். இங்கே இடுப்பு மட்டும்தான் மாறாமல் வலிக்கும். பக்கத்துக் கூடைக்காரிகள் என்னைப் பூக்காரரே என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். முதல் இரண்டு நாள் என் பூ மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் பாயம்மா வெளியே வந்து நின்றாள்.

“தம்பி, கைய நீட்டுங்க.”

நீட்டினேன்.

“இந்தக் கையால மொழம் போட்டா ஏன் விக்காது? ஆம்பள மொழம். உங்கக்கா கை இதுல முக்காவாசிதான் வரும். மாசம் முழுக்க நீங்க இப்படி அளந்து குடுத்துட்டுப் போயிட்டீங்கன்னா, அந்தம்மா வந்து உக்காந்ததும் ஜனம் என்னா சொல்லும்? தம்பி குடுத்தாரு, அக்கா ஏமாத்துதுன்னு சொல்லும்.”

இருபது வருட வியாபாரத்தை இரண்டு நாளில் கெடுக்கப் பார்த்திருக்கிறேன். அன்றிரவே அக்காவின் முழங்கையிலிருந்து நடுவிரல் வரை நூல் வைத்து அளந்து வெட்டி வந்தேன். மறுநாள் அந்த நூலை வைத்து அளந்தபோது வாங்க வந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பாயம்மா கடைக்குள் இருந்தபடியே, “நேத்து அவரு தப்பா அளந்தாரு, இன்னிக்கி சரியா அளக்குறாரு, வாங்கினா வாங்குங்க,” என்று கத்தினாள்.

கூட்டம் குறைந்ததும் நேராகவே கேட்டேன். “எதுக்கு இதெல்லாம் செய்றீங்க?”

“எதெல்லாம்?”

“கண்ணு, ஆட்டோ, எல்லாந்தான்.”

அவள் ஒரு கண்ணாடியின் பிரேமைத் துணியால் துடைத்தபடி என்னைப் பார்த்தாள். “கண்ணாடிக் கட வாசல்ல கண்ணு தெரியாதவங்க உக்காந்துகினு இருந்தா, உள்ள யாரு வருவா? போன மாசம் ஒரு காலேஜ் பொண்ணு செல்ப்பி எடுத்துட்டுச் சிரிச்சிட்டுப் போவுது. எம் பொழப்பு கெட்டுப் போவுதுல்ல.”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அது நம்பக்கூடிய காரணம். ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யோசித்தபோது, வாசல் கெடுகிறது என்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தையில் விரட்டியிருக்கலாமே என்று தோன்றியது. எனக்காகத் தேடி எடுத்துச் சொன்ன காரணமாகக்கூட இருக்கலாம்.

சிக்கல் சொட்டு மருந்தில்தான் இருந்தது. காலையும் ராத்திரியும் நான் வீட்டில் இருப்பேன். மத்தியான வேளைக்கு அரியாங்குப்பம் போய் மருந்து விட்டுவிட்டுத் திரும்பவேண்டும். அக்காவே விட்டால் கன்னத்தில்தான் விழுகிறது. பக்கத்து வீட்டுப் பெண் விடுகிறேன் என்றாள். அவள் கையைக் கழுவாமல் வருவதை ஒரு நாள் பார்த்தேன். அன்றோடு சரி. ஆக தினமும் ஒன்றரை மணி நேரம் இடத்தைப் பாயம்மாவிடம்தான் விட்டுவிட்டுப் போகவேண்டும். யாரிடமிருந்து காப்பாற்ற உட்கார்ந்தேனோ அவளிடமே. முதல் நாள் சாக்கைச் சுருட்டாமல் விட்டேன், கல்லும் வைத்தேன், இருந்தும் போகுமுன் ஓரத்திலிருந்து ஓரம் சாண் போட்டுப் பார்த்தேன். ஒன்பது சாண். திரும்பி வந்தும் போட்டுப் பார்த்தேன். ஒன்பது.

பதினேழாம் நாள் கோவாவிலிருந்து ஓட்டல் மேஸ்திரி போனில் கூப்பிட்டார். சீசன் ஆரம்பிக்கிறது, இந்த வாரம் வந்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள் என்றார். மருந்து முடியட்டும் என்றேன். என்ன மருந்து, உனக்கா என்றார். வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது மணி பன்னிரண்டரை. சாண் போட்டுப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

அக்கா பாயில் மல்லாந்து படுத்து எனக்காகக் காத்திருந்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, கீழ் இமையை இழுத்துப் பிடித்து, குப்பியைக் கவிழ்த்தேன். சொட்டு விழும் முன்பே அவள் இமையை மூடிக்கொண்டாள். மருந்து மூக்கில் வழிந்தது.

“என்னாக்கா, மூடாத.”

“வர்றது தெரியுதுடா. முன்னெல்லாம் உள்ள வுழுந்து சில்லுனு ஆனாத்தான் தெரியும். இப்ப மேல தொங்கறப்பவே தெரியுது. பயமா இருக்கு.”

“தெரிஞ்சாலும் மூடாத. ஒரே ஒரு சொட்டு.”

மறுபடி கவிழ்த்தேன். மறுபடி மூடினாள். மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தே வைத்திருந்தாள், உள்ளே விழுந்தது. அஞ்சு நிமிடம் அப்படியே படுத்திரு என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மணியைப் பார்த்தேன். ஒன்று இருபது பஸ் போய்விட்டது. அடுத்தது ஒன்றே முக்காலுக்கு. அங்கே பாயம்மா தனியாக இருப்பாள் என்று நினைத்தேன். அஞ்சு நிமிடம் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.